ஒளியால் அறுக்கும் பொறியும் நம் இளைஞரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் மொழியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவதே நம் சங்கத்தின் வழக்கம். இவ்வாண்டு எங்களுக்கு இட்ட பணி வேறு. லேசர் என்னும் ஒளியைக் கொண்டு மரப்பலகையையும் அக்ரிலிக் தகட்டையும் அறுக்கும் பொறியைக் கேடின்றி இயக்கக் கற்பது எவ்வாறு என்று எடுத்துரைக்குமாறு செயற்குழுவினர் எங்களைப் பணித்தனர். காரணம் நீங்கள் அறிந்ததே. நம் காலனியின் இளைஞர் ஐவர் சிட்டிப் பணத்தைக் கொண்டு அத்தகைய பொறி ஒன்றை வாங்கவும், சங்கக் கட்டடத்தின் பின்னறையில் அதனை நிறுவித் தொழில் தொடங்கவும் இசைவு கேட்டுள்ளனர். "அந்த ஒளி பட்டால் கண் போய்விடும்" என்று பெரியோர் சிலர் மறுக்கின்றனர். "எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், நாம் பொத்தானை அழுத்தினால் போதும்" என்று இளைஞர் விடை கூறுகின்றனர். நாங்கள் மூவர் ஒரு பட்டறையில் சில வாரம் இருந்து இவ்வேலையைப் பயின்று வந்தோம். பயின்றபின் எங்களுக்குத் தோன்றியது இது: அஞ்ச வேண்டிய இடம் எதுவோ, அதனை இரு சாராருமே இன்னும் பார்க்கவில்லை.

தொழில் வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கடைகளின் பெயர்ப்பலகை, திருமண அழைப்பிதழ், கிறிஸ்துமஸ் நட்சத்திரம், கோல அச்சு, பயணியர் விரும்பி வாங்கும் சீனவலையின் சிறு மர உருவம் ஆகிய இவை யாவும் இப்பொறியில் மணிக்கணக்கில் அன்று, நிமிடக்கணக்கில் உருவாகின்றன. 2012-ஆம் ஆண்டில் தொடங்கிய கொச்சி–முசிறிஸ் பினாலே நடைபெறும் மாதங்களில் மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளே கலைக்கூடங்கள் ஆகிவிடுகின்றன. அப்போது இத்தகைய வேலைக்கு ஆள் தேடுவோர் உண்டு. கை உழைப்புக்கு நாணாத குடிகள் நாம். புதிய கருவி வந்தால் அதனைக் கற்க முந்துவது நம் பிள்ளைகளுக்கு அழகே.

இனி, இந்த ஒளி யாது என்று சிறிது காண்போம். சிறு வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைப் பொசுக்கி விளையாடாதவர் இவ்வவையில் இரார். பரந்து வரும் கதிரை ஒரு புள்ளியில் குவித்தால் அங்கே சூடு மிகும். அவ்வளவே அதன் மறைபொருள். லேசர்ப் பொறியும் அதனையே செய்கின்றது. ஆயின் அதன் ஒளி வெயிலைப் போல் பல திசையும் பல நிறமும் கலந்த ஒளி அன்று. ஒரே அலைநீளமும் ஒரே போக்கும் உடையது. இத்தகைய ஒளி பிறத்தற்கு அடிப்படையான கருத்தை ஐன்ஸ்டைன் 1917-இல் கூறினார். அமெரிக்காவில் தியோடர் மெய்மன் 1960-ஆம் ஆண்டு மே திங்கள் 16-ஆம் நாள் மாணிக்கப் பளிங்கிலிருந்து முதல் லேசர் ஒளியை எழுப்பிக் காட்டினார். நான்கே ஆண்டுகள் கழிந்தன. 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஓர் இந்தியர் கரியமிலவாயுவைக் கொண்டு லேசர் செய்தார். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 1938-இல் பிறந்து, புணேயில் பொறியியல் கற்றுக் கடல் கடந்த குமார் படேல் என்பவரே அவர். இன்று மரமும் அக்ரிலிக்கும் அறுக்கும் பட்டறைகளில் பெரிதும் வழங்குவது அவர் கண்ட அந்த வகையே. தெருமுனைக் கடையில் பெயர்ப்பலகை வெட்டுவோர்க்கு இது தெரியாது. தெரிந்தால் மகிழ்வர் என்பதற்காகச் சொன்னோம்.

அப்பொறியின் உள்ளே நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்று உண்டு. அதில் கரியமிலவாயு, நைட்ரஜன், ஹீலியம் ஆகியவை அடைபட்டுள்ளன. பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பாய்ந்ததும் அங்கே ஒளி பிறக்கின்றது. அது கண்ணாடிகளில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து, ஒரு வில்லையின் வழியாகக் கீழே கிடக்கும் தகட்டின்மேல் குவிகின்றது. ஒளி என்றோம், ஆனால் அது நம் கண்ணுக்குப் புலப்படாது. அதன் அலைநீளம் 10.6 மைக்ரான். நாம் காணும் சிவப்பொளியினும் ஏறத்தாழ 15 மடங்கு நீண்டது அது. தகட்டின்மேல் பட்டு எரியும் இடத்துப் பொறியைத்தான் காண்கின்றோமே அன்றிக் கதிரைக் காண்கிலோம்.

பெரியோர்களின் அச்சத்திற்கு இங்கே விடை கூறலாம். இக்கதிர் கண்ணில் பட்டால் விழியின் முன்தோலைச் சுடும் என்பது உண்மையே. ஆதலின்தான் முறையாகச் செய்த பொறியை நாற்புறமும் பெட்டியாக அடைத்து, மேலே அக்ரிலிக் அல்லது கண்ணாடி மூடி இட்டிருப்பர். நம் கண்ணுக்குத் தெளிவாகத் தோன்றும் அம்மூடி, சிதறி வரும் கரியமிலவாயுக் கதிருக்குச் சுவர் போன்றது, ஊடுருவ விடாது. மூடியைத் திறந்தால் கதிர் தானே நின்றுவிடுமாறு ஒரு விசையும் அமைத்திருப்பர். அவ்விசை நல்ல நிலையில் உள்ளவரை, மூடி மூடியிருக்கும்வரை, அருகில் நிற்பவரின் கண்ணுக்குத் தீங்கில்லை. சுடர் தோன்றும் இடத்தை நெடுநேரம் உற்று நோக்காதிருத்தல் நன்று. வெல்டிங் செய்யுமிடத்தை உற்று நோக்காமை போல.

ஆனால் எல்லாப் பொறியும் அவ்வாறு அடைபட்டவை அல்ல என்பதை இளைஞர் கருத வேண்டும். இணையக் கடைகளில் குறைந்த விலைக்கு விற்கும் சிறு பொறிகள் சில, நான்கு சட்டங்களும் ஒரு தலையுமாய்த் திறந்த மேனியாக வருகின்றன. அவை பெரும்பாலும் நீல ஒளியில் இயங்குவன. அவ்வொளி விழியின் முன்தோலோடு நில்லாது உள்ளே சென்று விழித்திரையைச் சுடும். சுட்ட இடம் மீளாது. கரியமிலவாயுக் கதிரைத் தடுக்கும் தெளிந்த அக்ரிலிக் அந்நீல ஒளியைத் தடாது. உலோகத்தில் எழுத்துப் பொறிக்கும் ஃபைபர் லேசருக்கும் இதுவே பொருந்தும். ஒரு லேசருக்கான மூக்குக்கண்ணாடி மற்றொன்றுக்கு உதவாது. குழந்தைகள் ஓடி விளையாடும் வீட்டுத் திண்ணையில் திறந்த பொறியை வைத்து இயக்குவதை நாங்கள் எவ்வகையிலும் ஒப்பவில்லை. விலை குறைவு என்னும் சொல் இங்கே செல்லாது.

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். பொறி விலை கேட்கச் சென்ற இடத்தில் விற்பனையாளர் ஒருவர், மூடியின் விசையை ஒரு சிறு கம்பியால் இணைத்துவிட்டால் மூடி திறந்திருக்கும்போதும் பொறி ஓடும், வேலை விரைவாகும் என்று எங்களுக்கே பாடம் சொன்னார். அவர் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அக்கம்பியின் விலை ஒரு ரூபாய்கூட இராது. அதனால் இழக்க நேர்வதோ கண்.

கண்ணைப் பற்றிய பேச்சு இவ்வளவில் நிற்க. நாங்கள் பயின்ற இடத்தில் கண்ணைக் குறித்து அரை மணிப் பொழுது கூறினர். புகையையும் நெருப்பையும் குறித்துப் பல நாள் கூறினர்.

2023-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2-ஆம் நாள் பிரம்மபுரத்துக் குப்பைமேடு தீப்பற்றியதை இவ்வூரார் மறந்திருக்க முடியாது. பத்து நாள்களுக்கு மேலாகக் கொச்சி நகரம் பிளாஸ்டிக் புகையில் மூழ்கிக் கிடந்தது. முகக்கவசம் அணிந்து கொள்ளுமாறு அரசினர் அறிவித்தனர். பள்ளிக் குழந்தைகளுக்கு விடுமுறை விடப்பட்டது. தொண்டை எரிச்சலும் இருமலும் எத்தனை வீடுகளில்! லேசர்ப் பொறி எதனை அறுத்தாலும் அறுக்கும் கோட்டில் உள்ள பொருளை எரித்து ஆவியாக்கியே அறுக்கின்றது. கத்தி வெட்டினால் தூள் விழும். இது வெட்டினால் புகை எழும். அப்புகை எத்தகையது என்பதைப் பொறி முடிவு செய்வதில்லை. அதனுள் நாம் வைக்கும் தகடே முடிவு செய்கின்றது. பிளைவுட்டானால் விறகுப் புகை, அக்ரிலிக்கானால் தலையை வலிக்கச் செய்யும் ஒரு நெடி, எம்.டி.எஃப். பலகையானால் அதன் பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து வரும். இவற்றை நல்ல புகைபோக்கியோடு அறுக்கலாம். ஆனால் பி.வி.சி.யை ஒரு விரற்கடை அளவும் அறுக்கலாகாது. பி.வி.சி.யில் குளோரின் உண்டு. சூடேறியதும் அது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவாக வெளிப்பட்டு, ஈரம் கண்ட இடத்தில் அமிலமாகின்றது. நம் மூக்கும் தொண்டையும் நுரையீரலும் ஈரமான இடங்களே அல்லவா? பொறியின் தண்டவாளமும் திருகுகளும் சில நாளில் துருவேறி உதிர்வதைக் கொண்டு, ஆளின் நெஞ்சுக்குள் நடப்பதை உய்த்துணரலாம்.

"பி.வி.சி. என்று எழுதியிருந்தால் வைக்க மாட்டோமே!" என்பீர்கள். அங்கேதான் இடர். கேரளத்துத் தச்சர்கள் சமையலறை அலமாரிக்கு மல்டிவுட் என்னும் பலகையைப் பயன்படுத்துகின்றனர். பெயரில் 'வுட்' உண்டு. பொருளில் மரம் துளியும் இல்லை. அது நுரைத்த பி.வி.சி.யே. பிள்ளைகள் பள்ளி வேலைக்கு வாங்கும் சன் போர்டும் பெரும்பாலும் அதுவே. பைகளுக்கும் இருக்கைகளுக்கும் தைக்கும் ரெக்ஸின், தேர்தலுக்குத் தேர்தல் தெருவை மறைக்கும் ஃப்ளெக்ஸ் ஆகிய இரண்டும் பி.வி.சி. பூசிய துணிகள். இவற்றுள் ஒன்றை ஒரு வாடிக்கையாளர் கொண்டு வந்து, "இதில் என் கடைப் பெயரை வெட்டிக் கொடுங்கள்" என்பார். கூலியும் கூடுதலாகத் தருவதாகச் சொல்வார். அந்நேரத்தில் மறுக்கும் துணிவு வேண்டும். மறுப்பதற்கு அறிவு வேண்டும். தகடு இன்னது என்று ஐயமின்றித் தெரியாவிடில் பொறிக்குள் வைப்பதில்லை என்பதே நாங்கள் கற்ற முதற்பாடம்.

ஐயம் தீர்க்க ஒரு பழைய வழி உண்டு. 1872-இல் பைல்ஸ்டைன் என்னும் வேதியியலார் கண்ட சோதனை அது. செப்புக் கம்பியைச் செந்நிறம் ஏறுமட்டும் சுடரில் காய்ச்சி, தகட்டின் ஓரத்தில் தொட்டு, மீண்டும் சுடரில் காட்டினால், குளோரின் இருப்பின் சுடர் பச்சையாக ஒளிரும். திறந்த வெளியில், காற்று எதிரே வராத பக்கம் நின்று, நகக்கண் அளவு பொருளைக் கொண்டு இதனைச் செய்தல் வேண்டும். பல்லாயிரம் ரூபாய்க் கருவிகள் சொல்வதை ஒரு முழம் செப்புக் கம்பி சொல்லிவிடுகின்றது.

அடுத்தது நெருப்பு. அக்ரிலிக் எளிதில் தீப்பற்றும் பொருள். அறுக்கும் இடத்தில் காற்றை ஊதும் குழாய் அடைபட்டுப் போனாலும், வேகத்தைக் குறைத்து ஆற்றலைக் கூட்டி வைத்தாலும், தட்டின் அடியில் முன்னாள் வேலையின் துண்டுகள் குவிந்து கிடந்தாலும் சிறு சுடர் பெருஞ்சுடராகிவிடும். பெட்டிக்குள் தொடங்கி மூடியைப் பற்றி அறையைப் பற்ற நெடுநேரம் ஆகாது. ஆகவே பொறி ஓடும்போது ஒருவர் அருகில் நின்று கண்ணெடுக்காமல் பார்த்திருக்க வேண்டும். தேநீர் குடிக்கப் போகலாகாது. செல்பேசியில் பேச வெளியே போகலாகாது. கம்ப்யூட்டருக்குக் கோடு தெரியும், தீ தெரியாது.

இதனை நம் மக்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டுமோ? ஃபோர்ட் கொச்சி வெளியில் உள்ள தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாக வெளுத்துத் தேய்த்து வரும் தமிழ்க் குடும்பங்களைக் கேளுங்கள். கனல் நிரப்பிய இஸ்திரிப் பெட்டியைப் பிறர் வீட்டுப் பட்டின்மேல் வைத்துவிட்டு வாசலுக்குப் போனவர் எவரேனும் உண்டோ? பெட்டியைத் தூக்கி நிறுத்தும் ஓட்டுத் துண்டு எங்கே உள்ளது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டும் அவர்கள் கை அறியும். துணிக்குத் துணி சூடு மாற வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இப்பொறியின் முன் நிற்போர்க்கு வேண்டுவது அதே கை, அதே கண். எங்களோடு பயின்றோருள் இதனை விரைவில் பற்றிக் கொண்டவர் தேய்ப்பு வேலை செய்யும் வீட்டுப் பெண்ணொருத்தி என்பதில் எங்களுக்கு வியப்பில்லை. பின்னறையில் ஐவர் ஆண்கள் மட்டும் என்று ஏன் இருக்க வேண்டும் என்பதனைச் செயற்குழு எண்ணிப் பார்க்கட்டும்.

தீ எழுந்தால் செய்ய வேண்டுவது யாது? நிறுத்தும் செந்நிறப் பொத்தானை அழுத்த வேண்டும். மூடியைத் திறந்து காற்றுக்கு வழிவிடாது, மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். அடங்காவிடில் கரியமிலவாயு அடைத்த தீயணைப்பான் கொண்டு அணைக்க வேண்டும். அஃது இல்லாத அறையில் பொறியே இருத்தலாகாது. தண்ணீரை வாரி இறைப்பது கூடாது. குழாயில் உள்ளது பல்லாயிரம் வோல்ட், அணைத்த பின்னும் சிறிது நேரம் அது தங்கியிருக்கும். அதிலும் அடங்காவிடில் ஆளை வெளியேற்றிவிட்டு 101-ஐ அழைக்க வேண்டும். பொறி போனால் போகட்டும்.

வேலை இனிது முடிந்தாலும் மூடியை உடனே திறக்கும் பழக்கம் நன்றன்று. உள்ளிருக்கும் புகை போகுமட்டும் சற்றே காத்திருத்தல் வேண்டும். இளைஞர்க்கு இதுவே மிகக் கடினமான பயிற்சி என்று எங்கள் ஆசிரியர் நகைத்துக்கொண்டே கூறினார்.

நம் ஊருக்கே உரிய சில இடர்களும் உண்டு. ஆனி ஆடி மழையில் கொச்சிக் காற்றில் ஈரம் மிகுந்து நிற்கும். குழாயைக் குளிர்விக்கும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குளிர வைத்தால் குழாயின் மேல் நீர்த்துளி படியும். உயர்ந்த மின்னழுத்தத்தின் அருகே நீர்த்துளி வேண்டத்தக்கதன்று. அத்தண்ணீர் ஓட்டம் நின்றாலோ குழாய் சூடேறி வெடிப்புறும். பழைய கட்டடங்களில் மூன்றாம் துளைக்கு எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குச் செல்கின்றதா என்பதை மின்வினைஞர் ஒருவர் அளந்து பார்த்த பின்னரே பொறியை இணைத்தல் வேண்டும்.

இவை யாவற்றையும் எங்கே கற்பது? நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. களமசேரியில் கேரள ஸ்டார்ட்அப் மிஷனின் வளாகத்தில் ஃபேப் லேப் என்னும் பொதுப் பட்டறை உள்ளது. 2020-இல் அதனினும் பெரிய சூப்பர் ஃபேப் லேப் அங்கே திறக்கப்பட்டது. அண்மையிலேயே கொச்சிப் பல்கலைக்கழகத்தில், 1995-இல் தோன்றிய ஒளியியல் கல்விக்கூடமும் இருக்கின்றது. ஃபேப் லேப் என்பதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நீல் கெர்ஷன்ஃபெல்ட் என்னும் பேராசிரியர் 1998-இல் ஏறக்குறைய எதனையும் செய்து கொள்வது எப்படி என்று ஒரு பாடம் தொடங்கினார். அதிலிருந்து கிளைத்த இப்பட்டறைகளுள், எம்.ஐ.டி.க்கு வெளியே முதன்முதல் எழுந்தவற்றுள் ஒன்று, 2002-இல் மகாராஷ்டிரத்துப் பாபல் என்னும் சிற்றூரில், விஞ்ஞான ஆசிரமம் என்னும் கிராமப் பள்ளியில் அமைந்தது. இன்று உலகெங்கும் பரவியுள்ள அப்பட்டறைகளுக்கு ஒரு பொது உடன்பாடு உண்டு. ஆளையும் கெடுக்காதே, பொறியையும் கெடுக்காதே. இடத்தைத் துப்புரவாக வை. கற்றதைப் பிறர்க்குக் கற்பித்து எழுதி வை என்பது அதன் சாரம். அவர்கள் நடத்தும் ஃபேப் அகாதெமிப் பாடத்தில் வெட்டுப்பொறி வாரம் வந்தால், முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. அடுத்த வேலை பொறியை அளந்தறிதல். பொருள் செய்வது அதன் பின்னரே.

அளந்தறிதல் என்பதைச் சற்று விளக்குவோம். ஒரு தகட்டில் சிறு சதுரங்களை வரிசையாக இட்டு, ஒவ்வொன்றையும் வேறு வேறு வேகத்திலும் ஆற்றலிலும் வெட்டிப் பார்க்க வேண்டும். எச்சதுரம் கருகாது, தீப்பற்றாது, தானே கீழே விழுகின்றதோ அதன் கணக்கை ஏட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாறே கதிர் தின்னும் அகலத்தையும் அளக்க வேண்டும். அது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஆயினும் அதனைக் கணக்கில் கொள்ளாவிடில் சீனவலையின் கால்கள் துளையில் ஆடிக்கொண்டே இருக்கும். கணக்கு ஏடு இல்லாத பட்டறையில் நாள்தோறும் ஊகம் நடக்கும்; ஊகம் தவறும் நாளில் ஆற்றல் கூடிப்போகும், தீ வரும்.

இனிப் பின்னறை. அவ்வறையின் ஒற்றைச் செங்கல் சுவருக்கு அப்பால் நம் நூலகம் இருக்கின்றது. சன்னலுக்கு நேரே, கை நீட்டினால் எட்டும் தொலைவில், அடுத்த வீட்டின் சமையலறைச் சன்னல். புகைபோக்கிக் குழாயை அச்சன்னலில் விட்டால், நம் புகையை நாள்தோறும் அவ்வீட்டுக் குழந்தைகள் உண்பர். புகை நம் அறையைவிட்டுப் போனால் போதும் என்பது பட்டறை நடத்துவோர் பேசும் பேச்சன்று. குழாய் கூரைக்கு மேல் உயர்ந்து செல்ல வேண்டும். அதற்கு நகராட்சி இசைவும், அடுத்த வீட்டாரின் இசைவும், நல்ல பணமும் வேண்டும். ஆகவே பின்னறையை இப்போது கொடுக்கலாகாது என்றே செயற்குழுவிடம் நாங்கள் கூறியிருக்கின்றோம். இளைஞர் முகம் வாடுவதை இங்கிருந்தே காண்கின்றோம். சிட்டிப் பணம் கைக்கு வந்தால் தங்காது, வேறு செலவு இழுத்துக்கொள்ளும் என்று அவர்கள் சொல்வதும் மெய்யே. அப்பணத்தைச் சங்கத்தின் பெயரில் வங்கியில் போட்டு வைத்து, ஆறு திங்கள் பொதுப் பட்டறையில் கட்டணம் கட்டி வேலை செய்து பழகட்டும். வேலை வருகின்றதா என்பதும் அதற்குள் தெரியும். யாருக்குப் பொறுமை உண்டு என்பதும் தெரியும். அதன்பின் மூடியும் விசையும் உள்ள பொறியை வாங்கி, கயிறும் சாக்கும் அடுக்காத, மரத்தளம் இல்லாத ஓரிடத்தில் வைக்கலாம். அவ்விடம் தேடித் தருவதில் நாங்களும் உடன் அலைவோம்.

பயிற்சிக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் நூலகப் பொறுப்பாளரிடம் இன்றே கொடுக்கலாம். ஆண் பெண் வேறுபாடில்லை, பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும். வாயிலருகே மேசைமேல் எட்டுத் தகட்டுத் துண்டுகளை எண்ணிட்டு வைத்திருக்கின்றோம். அவற்றுள் மூன்று, பொறிக்குள் நுழையலாகாதவை. எவை என்று எழுதி வைக்கவில்லை. கையால் தடவிப் பார்த்து உங்கள் விடையைத் தாளில் குறித்துப் பெட்டியில் இடுங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு முற்றத்தில் செப்புக் கம்பியைக் காய்ச்சிச் சோதித்துக் காட்டுவோம். குழந்தைகளைச் சற்று எட்ட நிறுத்தி அழைத்து வாருங்கள்.